கூச்சமா, கூலியா? மார்பகப் புற்றுநோய் ஆய்வுகளைச் சானமாவிலிருந்து வாசித்தல்

மார்பகப் புற்றுநோய் பற்றி இந்தியாவில் எழுதப்படும் கட்டுரைகளில், அவை மருத்துவ ஆய்விதழில் வந்தாலும் அக்டோபர் மாத நாளிதழ் இணைப்பில் வந்தாலும், ஒரு கருத்து தவறாமல் இடம்பெறும். நம் பெண்கள் அறியாமையாலும் கூச்சத்தாலும் தாமதமாக மருத்துவரிடம் வருகிறார்கள் என்பதே அது. தாமதம் உண்மைதான். அதன் விலையும் உண்மைதான். 2022ஆம் ஆண்டுக்கான உலகப் புற்றுநோய் மதிப்பீட்டின்படி, இந்தியாவில் 1,92,020 பெண்களுக்குப் புதிதாக இந்நோய் கண்டறியப்பட்டது. 98,337 பேர் இறந்தார்கள். அதாவது, புதிதாக நோய் காணும் இரண்டு பேருக்கு ஒரு மரணம். அமெரிக்காவில் இது ஏறத்தாழ ஆறு பேருக்கு ஒரு மரணம். இந்த வித்தியாசத்துக்கு நம் பெண்களின் கூச்சம்தான் காரணமா என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

இந்தக் கேள்வியை நான் சானமாவிலிருந்து கேட்கிறேன். ஓசூரை அடுத்து, கிருஷ்ணகிரி போகும் நெடுஞ்சாலையை ஒட்டிய காட்டோர ஊர். ராகி முற்றும் பருவத்தில் யானைக் கூட்டம் வந்து காட்டில் தங்கும்; அப்போது விடிவதற்கு முன்னும் இருட்டிய பின்னும் பெண்கள் தனியே நடக்க முடியாது. அதே நேரங்களில்தான் கம்பெனி பஸ்ஸும் வரும். சுற்றிலும் தக்காளித் தோட்டங்கள், ரோஜா வளர்க்கும் பசுமைக்குடில்கள், கொஞ்ச தூரத்தில் தொழிற்பேட்டை. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஒரே தெருவில் புழங்கும். தமிழில் கட்டி என்கிறோம். தெலுங்கில் கட்ட, கன்னடத்தில் கட்டெ. மூன்று வீட்டிலும் ஏறக்குறைய ஒரே சொல்.

எங்கள் தெருவில் பசுமைக்குடிலில் பூ வெட்டப் போகும் ஓர் அக்கா இருக்கிறார். மாரில் கட்டி தட்டுப்பட்டு ஒன்பது மாதம் கழித்தே மருத்துவமனைக்குப் போனார். வெட்கமா என்று கேட்டேன். “வெக்கம் என்ன கண்ணு, மூணு புள்ள பெத்தவளுக்கு? வலியே இல்ல. வலிக்காததுக்கு எதுக்கு ஒருநாள் கூலிய விடறது?” என்றார். ஆய்வாளர்களின் கேள்வித்தாளில் இந்தப் பதில் ‘அறியாமை’ என்ற கட்டத்தில் விழும். புற்றுக்கட்டி பெரும்பாலும் தொடக்கத்தில் வலிக்காது என்பது அவருக்குத் தெரியாதுதான். ஆனால் அவர் சொன்னதில் பாதி மருத்துவம், மீதி பொருளாதாரம். அந்த இரண்டாவது பாதிக்குக் கேள்வித்தாளில் கட்டம் இல்லை.

உறுப்புக்கு என்ன பெயர்

கூச்சம் என்று ஒன்று இல்லவே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அது பெண்களின் மனதில் தானாக முளைத்ததா? சுகாதாரத் துறைச் சுவரொட்டி ‘மார்பகம்’ என்கிறது. எந்த வீட்டிலும் எந்தப் பெண்ணும் பேச்சில் இச்சொல்லைப் பயன்படுத்துவதில்லை. ‘மார்’ என்பார்கள், ‘நெஞ்சு’ என்பார்கள், ‘பால் கட்டிக்கிச்சு’ என்பார்கள். பழைய இலக்கியத்தில் தடையின்றிப் புழங்கிய ‘முலை’ என்ற சொல்லை 2002இல் குட்டி ரேவதி தன் கவிதைத் தொகுப்புக்குத் தலைப்பாக வைத்தபோது எழுந்த கூச்சல் நமக்கு நினைவிருக்கும். அவர் சித்த மருத்துவம் படித்தவர். உறுப்பின் பெயரை உறுப்பின் பெயராகச் சொல்ல ஒரு பெண்ணுக்கு உரிமையில்லை என்றது தமிழ் இலக்கிய உலகின் ஒரு பகுதி. அதே சமூகம், பெண்கள் வாய்திறந்து சொல்வதில்லை என்று இன்று வருந்துகிறது.

நம் இலக்கிய மரபில் மார்பு அறுபடும் இடங்களை எண்ணிப் பாருங்கள். புறநானூற்றின் 278ஆம் பாடலில், காக்கைபாடினியார் நச்செள்ளையார் காட்டும் முதிய தாய், மகன் போரில் புறமுதுகிட்டிருந்தால் அவனுக்குப் பாலூட்டிய மார்பை அறுத்தெறிவதாகச் சூளுரைக்கிறாள். சிலப்பதிகாரத்தில் கண்ணகி இடது மார்பைத் திருகி எறிந்து மதுரையை எரிக்கிறாள். ஒருத்தி மகனின் வீரத்துக்காக, மற்றவள் கணவனுக்கான நீதிக்காக. தன் உயிரைக் காத்துக்கொள்ள ஒரு மார்பை இழந்து, மறுநாள் எழுந்து கஞ்சி குடித்து, ஆறு மாதத்தில் வேலைக்குத் திரும்பும் பெண்ணுக்கு இந்த மரபில் இடம் இல்லை. அறுவை சிகிச்சை முடிந்து வரும் பெண்ணிடம் உறவினர்கள் முதலில் புருஷன் எப்படி இருக்கிறான் என்று கேட்பதற்கும், இந்த இடமின்மைக்கும் தொடர்பு உண்டு என்று நினைக்கிறேன்.

நோயின் பெயரும் அப்படியே. சூசன் சொன்டாக் 1978இல் வெளியிட்ட ‘நோய் என்னும் உருவகம்’ நூலில், புற்றுநோயைச் சூழ்ந்த உருவகங்களை உரித்தெடுக்க வேண்டும் என்றார். தான் மார்பகப் புற்றுநோயாளி என்பதை அந்நூலில் அவர் சொல்லவே இல்லை. மேற்கில் இந்நோயின் பெயர் நண்டிலிருந்து வந்தது. நமக்குக் கறையான் புற்றிலிருந்து. எங்கள் பக்கத்தில் புற்றுக்கு மஞ்சள் பூசிப் பால் ஊற்றிக் கும்பிடுவது பெண்கள்தான். நோய்க்கு அந்தப் பெயர் வைத்ததும், தோஷம், சாபம் என்ற பேச்சு எளிதாக வந்து ஒட்டிக்கொள்கிறது. சொன்டாக் சொன்னதுபோல உருவகத்தை அகற்றுவது நல்லதுதான். ஆனால் உருவகம் போனாலும் கூலி போகும் பயம் அப்படியே நிற்கும். சொன்டாக்கின் வாதம் நமக்குப் பாதி வழிதான் துணை வரும்.

உடலின் கணக்கு

உயிரியலை இங்கே சுருக்கமாகவாவது சொல்ல வேண்டும். அது பெண்களுக்குச் சொல்லப்படுவதே இல்லை. மார்பில் பால் சுரக்கும் சிறு நுண்ணறைகளும் பாலைக் கொண்டுவரும் குழாய்களும் உள்ளன. ஒவ்வொரு மாதவிடாய்ச் சுழற்சியிலும் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஆகிய இயக்குநீர்களின் தூண்டுதலால் இவற்றின் உயிரணுக்கள் பெருகி அடங்குகின்றன. ஒவ்வொரு பெருக்கத்திலும் மரபணுவைப் படியெடுப்பதில் பிழை நேரலாம். பிழைகள் சேர்ந்து ஓர் உயிரணு கட்டுப்பாட்டை மீறினால் புற்று. பெரும்பாலானவை பால்குழாய்களின் உட்சுவரில் தொடங்குகின்றன. பரம்பரை மரபணு மாற்றத்தால் வருபவை ஏறத்தாழ நூற்றுக்கு ஐந்து முதல் பத்துதான்.

இது ஒரே நோயும் அல்ல. கட்டியில் ஊசியால் எடுத்த திசுவைச் சோதித்து, ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உள்ளதா, புரோஜெஸ்டிரோன் ஏற்பி உள்ளதா, ஹெர்-2 புரதம் மிகுந்துள்ளதா என்று பார்க்கிறார்கள். மூன்றும் இல்லாத ‘மும்மை எதிர்மறை’ வகை வேகமாகப் பரவக்கூடியது. இந்திய நோயாளிகளில் இதன் பங்கு மேற்கைவிட அதிகம். கிட்டத்தட்ட மூன்றில் ஒருவர். இங்கே நோய் வரும் வயதும் மேற்கைவிட ஏறக்குறைய பத்தாண்டு முந்தியது. கையில் தட்டுப்படும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்று அல்ல. ஆனால் வலியில்லாத கெட்டியான கட்டி, உள்ளே இழுத்த காம்பு, காம்பிலிருந்து இரத்தக் கசிவு, ஆரஞ்சுத் தோல்போலக் குழிந்த சருமம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்கக் கூடாது.

இந்த அறிவு வந்த வழியில் பெண்களின் வேலை பற்றிய கதை ஒன்று இருக்கிறது. தொழில்சார் நோய்களின் மருத்துவத்துக்கு அடித்தளமிட்ட இத்தாலிய மருத்துவர் ராமஸ்ஸினி, 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கன்னியாஸ்திரீகளிடம் இந்நோய் அதிகம் இருப்பதைக் குறித்துவைத்தார். 1926இல் இங்கிலாந்தில் ஜேனட் லேன்-கிளேபன் என்ற மருத்துவர், நோயுள்ள 500 பெண்களையும் நோயற்ற 500 பெண்களையும் ஒப்பிட்டு, குழந்தைப்பேறும் பாலூட்டலும் நோய் வாய்ப்போடு கொண்ட தொடர்பைக் காட்டினார். இன்று உலகமே பயன்படுத்தும் ஓர் ஆய்வுமுறைக்கு அது முன்னோடி. 1929இல் திருமணம் செய்துகொண்டதும், மணமான பெண் அரசுப் பணியில் நீடிக்க முடியாது என்ற விதியால் அவர் ஆய்வையே விட வேண்டியதாயிற்று. பிள்ளை பெறாததும் பாலூட்டாததும் பெண்ணின் ‘அபாயக் காரணிகள்’ ஆயின. அவள் செய்யும் வேலை நெடுங்காலம் அந்தப் பட்டியலுக்கு வெளியிலேயே நின்றது.

இரவு ஷிஃப்ட்டும் நீதிமன்றமும்

பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2007இல் இரவு ஷிஃப்ட் வேலையைப் ‘புற்றுநோய் உண்டாக்கக்கூடும்’ என்ற வகையில் சேர்த்தது. 2019இல் மறு ஆய்வு செய்து அதையே உறுதிப்படுத்தியது. ‘உண்டாக்கும்’ என்று அது சொல்லவில்லை. மனிதர்களிடம் கிடைத்த சான்று முழுமையானது அல்ல. ஆனால் டென்மார்க், நீண்டகாலம் இரவுப்பணி செய்து மார்பகப் புற்றுநோய் வந்த ஏறத்தாழ 40 பெண்களுக்குத் தொழில்சார் நோய்க்கான இழப்பீடு வழங்கியது. 2009இல் அது உலகெங்கும் செய்தியானது.

நம்மூர் வரலாறு வேறு. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டத்தின் 66ஆம் பிரிவு பெண்களை இரவில் வேலைக்கு வைப்பதைத் தடுத்தது. 2000இல் சென்னை உயர் நீதிமன்றம், வசந்தா என்ற பெண் தொழிலாளி தொடுத்த வழக்கில், அந்தத் தடை சமத்துவத்துக்கு எதிரானது என்று நீக்கியது. பாதுகாப்பு, போக்குவரத்து போன்ற நிபந்தனைகளையும் விதித்தது. அந்தத் தீர்ப்பை நான் வரவேற்கிறேன். ‘காப்பாற்றுகிறோம்’ என்ற பெயரில் பெண்ணின் வேலையைப் பறிப்பது நமக்குப் பழகிய தந்திரம். ஆனால் அன்றும் பின்னரும் பேசப்பட்டது பெரும்பாலும் வழியில் வரும் ஆபத்து. கற்பு, மானம் சார்ந்த ஆபத்து. பத்து வருடம் இரவு பகல் மாறிமாறி வேலை செய்யும் உடலுக்கு என்ன ஆகும் என்பது கேள்வியாகவே எழவில்லை. மீண்டும் தடை வேண்டும் என்பதல்ல என் வாதம். தொடர் இரவு ஷிஃப்ட்டுகளுக்கு வரம்பு, ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஒருங்கே உடற்பரிசோதனை, எந்தத் தொழிலாளி எத்தனை வருடம் எந்த ஷிஃப்ட்டில் இருந்தார் என்ற பதிவு ஆகியவை வேண்டும்.

டென்மார்க்கில் இந்த ஆய்வுகள் நடந்ததற்குக் காரணம், அங்கே தொழிலாளர் ஓய்வூதியப் பதிவேட்டையும் புற்றுநோய்ப் பதிவேட்டையும் இணைத்துப் பார்க்க முடிந்தது. நம்மிடமும் பி.எஃப். எண் உண்டு, ஈ.எஸ்.ஐ. எண் உண்டு. அடையாறு புற்றுநோய் நிலையம் 1980களின் தொடக்கம் முதல் சென்னைக்கான பதிவேட்டை நடத்துகிறது; 2012க்குப் பின் அது மாநிலம் முழுமைக்கும் விரிந்தது. இவற்றை, பெயர் வெளியாகாமல், இணைத்துப் பார்க்கலாம். இன்று ஓசூரில் வேலை செய்யும் இருபது வயதுப் பெண் நாற்பதில் தர்மபுரியிலோ ஜார்க்கண்டிலோ இருப்பார். அப்போது அவர் உடலில் தோன்றும் கட்டிக்கும் இங்கே கழித்த இரவுகளுக்கும் தொடர்பு உண்டா இல்லையா என்று சொல்ல, இன்றே எழுதி வைத்தால்தான் உண்டு.

கையால் தொட்டுப் பார்ப்பது

இந்தியாவில் இத்துறையில் நடந்த மிகப்பெரிய ஆய்வு மும்பை டாடா நினைவு மருத்துவமனையுடையது. 1998இல் தொடங்கி, 35 முதல் 64 வயதுக்குட்பட்ட 1,51,538 குடிசைப்பகுதிப் பெண்களை இரு குழுக்களாகப் பிரித்தது. ஒரு குழுவுக்குப் பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள் இரண்டாண்டுக்கு ஒருமுறை, நான்கு சுற்றுகள், கையால் மார்பைப் பரிசோதித்தார்கள். முடிவுகள் 2021இல் வெளியாயின. முற்றிய மூன்றாம், நான்காம் நிலையில் கண்டறியப்பட்டவர்கள் பரிசோதிக்கப்பட்ட குழுவில் 37 விழுக்காடு, மற்றதில் 47 விழுக்காடு. 50 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களிடம் இந்நோயால் ஏற்படும் மரணம் ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்தது. விலையுயர்ந்த மேமோகிராம் கருவி இல்லாமலே, ஒரு பெண்ணின் பயிற்சி பெற்ற கை உயிர் காக்கும் என்பது நிரூபணமானது.

இந்த ஆய்வை மதிக்கும் அதே வேளையில் இரண்டு விஷயங்களைச் சொல்ல வேண்டும். ஒன்று, 50 வயதுக்குக் கீழே மரணம் குறிப்பிடும்படி குறையவில்லை. நம் நாட்டில் நோய் இளவயதில் வருகிறது என்பதோடு சேர்த்துப் படித்தால், சீக்கிரம் கண்டுபிடிப்பது மட்டும் போதாது என்று புரியும். இரண்டு, ஒப்பீட்டுக் குழுவிலிருந்த எழுபத்தாறாயிரம் பெண்களுக்கு நோய் பற்றிய விளக்கம் ஒருமுறை தரப்பட்டது, பரிசோதனை தரப்படவில்லை. இதே ஆய்வின் கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பகுதி குறித்து, இது அறமா என்ற கடும் விவாதம் எழுந்தது. இந்தியாவில் ஏழைப் பெண்ணுக்கு வழக்கமாகக் கிடைப்பது ஒன்றுமில்லை, ஆகவே ஒன்றும் தராமல் ஒப்பிடலாம் என்ற தர்க்கத்தை நம்மால் ஏற்க முடியுமா? மாணவிகள் வகுப்பில் விவாதிக்க வேண்டிய கேள்வி இது.

தமிழ்நாட்டின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்டது எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில். பெண் தன்னார்வலர்கள் வீடு தேடி வந்து இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள், மாத்திரை தருகிறார்கள். எங்கள் ஊர்ப் பாட்டிகளுக்கு இது பெரிய விடுதலை. ஆனால் கையை நீட்டி அழுத்தம் பார்த்துக்கொள்வதுபோல வாசலில் உட்கார்ந்து மாரைக் காட்ட முடியாது. அதற்குக் கதவு சாத்திய அறையும் பயிற்சி பெற்ற செவிலியரும் வேண்டும். அதற்கு ஆரம்ப சுகாதார நிலையம் போக வேண்டும். முப்பது வயதைக் கடந்த பெண்களுக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை இப்பரிசோதனை என்று 2016இல் மத்திய அரசின் வழிகாட்டுதல் வந்தது. ஆனால் அந்த நிலையம் திறந்திருக்கும் நேரமும் பெண்கள் தோட்டத்திலோ கம்பெனியிலோ இருக்கும் நேரமும் ஒன்றே. மருத்துவம் மக்களைத் தேடி வந்தது; மார்பைத் தேடி இன்னும் வரவில்லை.

லார்டை இங்கிருந்து வாசிப்பது

பெண்ணியவாதிகள் இந்நோயைப் பற்றிப் பேசும்போது முதலில் எடுக்கும் நூல் ஆட்ரி லார்டின் ‘புற்றுநோய்க் குறிப்பேடுகள்’ (1980). 1978இல் ஒரு மார்பை இழந்த லார்ட், செயற்கை மார்பு அணிய மறுத்தார். அப்படி அணியாமல் வருவது மருத்துவமனைக்கு வரும் மற்றவர்களின் மனத்தெம்பைக் குலைக்கும் என்று ஒரு செவிலியர் சொன்னதை அந்நூலில் பதிவு செய்கிறார். மறைத்துக்கொள்ளும் பெண்கள் ஒருவரையொருவர் அடையாளம் காண முடியாது, அதனால் ஒன்றுசேரவும் முடியாது என்பது அவர் வாதம். எத்தனை முறை வாசித்தாலும் அந்த வாதத்தின் வலு குறையவில்லை.

ஆனால் காண்ட்ராக்ட் தொழிலாளியின் மௌனத்தை இதே அளவுகோலால் அளக்க முடியாது. வேலைக்குத் திரும்பிய பெண், உள்ளாடைக்குள் துணியை மடித்து வைத்துக்கொண்டு, ஷிஃப்ட் தொடக்கத்தில் வாசலில் நடக்கும் சோதனையைத் தாண்டிப் போகிறார். தெரிந்தால் அடுத்த முறை காண்ட்ராக்ட் புதுப்பிக்க மாட்டார்கள் என்று அவர் அஞ்சுகிறார். இந்த மௌனம் அழகு பற்றிய கட்டளைக்குப் பணிவது அல்ல. வேலையைப் பிடித்துவைத்துக்கொள்ளும் உபாயம். வெளிப்படையாக இருக்கச் சொல்லுமுன், வெளிப்படையாக இருந்தால் வேலை போகாது என்ற உறுதியைப் பெற்றுத் தர வேண்டும்.

இதற்கான விடை லார்டிடமே இருக்கிறது என்பதுதான் சுவையானது, வேறொரு நூலில். 1982இல் வந்த ‘சாமி’ என்ற தன்வரலாற்றுப் புனைவில், பதின்ம வயது முடியும் நேரத்தில் கனெக்டிகட் மாநிலத்தில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை பார்த்ததை எழுதுகிறார். குவார்ட்ஸ் படிகங்களைக் கார்பன் டெட்ராகுளோரைடில் கழுவுவது, எக்ஸ்ரே கருவியில் வைத்துப் பார்ப்பது. வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் கருப்பின, போர்ட்டோ ரிக்கப் பெண்கள். அந்த இரசாயனம் கல்லீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும் என்றோ, கருவியிலிருந்து கதிர்வீச்சு கசியும் என்றோ யாரும் அவர்களிடம் சொல்லவில்லை. கூடுதல் எண்ணிக்கைக்குக் கிடைக்கும் போனஸுக்காகப் பாதுகாப்பு மூடியைத் தூக்கிவிட்டு வேலை செய்தார்கள். லார்டின் புற்று அங்கிருந்துதான் வந்தது என்று யாராலும் நிறுவ முடியாது. ஆயினும் நம் கல்லூரிகளில் முதல் நூலை மட்டும் பாடமாக்குவது, நோயை அடையாளத்தின் கதையாகச் சுருக்கிவிடுகிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால், அது ஒரு தொழிலாளியின் உடல் என்பதும் தெரியவரும். மின்னணுத் தொழிற்சாலைகள் பெருகிவரும் ஓசூருக்கு இரண்டாவது நூல் இன்னும் நெருக்கமானது.

சிகிச்சைக்குப் பின்னும் வேலை உடலை விடுவதில்லை. அக்குளின் நிணநீர் முடிச்சுகளை முழுவதும் எடுத்துவிட்டால் அந்தப் பக்கக் கை வீங்கலாம். சிறு கீறலும் தொற்றாகலாம். ‘கனம் தூக்காதீர்கள், முள் குத்தாமல் பாருங்கள்’ என்று அறிவுரை சொல்லி அனுப்புகிறார்கள். எங்கள் தெரு அக்காவின் வேலையே ரோஜாவை முள்ளோடு வெட்டுவது. இல்லையென்றால் தக்காளிக் கிரேட்டைத் தூக்குவது. முதல் முடிச்சை மட்டும் எடுத்துச் சோதித்து, தேவைப்பட்டால் மட்டுமே மற்றவற்றை எடுக்கும் முறை இருக்கிறது. அது எல்லா மருத்துவமனையிலும் கிடைக்கச் செய்வது இவர்களுக்கு அழகியல் சலுகை அல்ல, பிழைப்பு.

எல்லையின் இருபுறமும்

1923இல் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டி முயன்று உருவாக்கியது 1954இல் திறக்கப்பட்ட அடையாறு நிலையம். மறு ஆண்டே அங்கு சேர்ந்த வி. சாந்தா 2021இல் இறக்கும்வரை அங்கேயே பணியாற்றினார். தமிழ்ப் பெண்களின் பெருமைமிகு வரலாறு அது. ஆனால் சானமாவிலிருந்து அடையாறு 300 கிலோமீட்டர். பெங்களூரு ஒரு மணி நேரச் சொச்சம். அதனால் எங்கள் பக்கத்துப் பெண்கள் கித்வாய் நிலையத்துக்குத்தான் போகிறார்கள். அங்கே அடையாள அட்டை வேறு மாநிலம், காப்பீட்டுத் திட்டம் வேறு, பேசும் மொழியும் வேறு.

மருந்தின் கதையும் எல்லைக்கு அப்பால் நடந்ததுதான். ஹெர்-2 மிகுந்த கட்டிகளுக்கான டிராஸ்டுசுமாப் 1998இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இந்தியாவில் பல ஆண்டுகள் எட்டாத விலையில் இருந்தது. 2012இல் பெண்ணிய ஆய்வாளர் கல்யாணி மேனன்-சென் ஒருங்கிணைப்பில், அம்மருந்தை மலிவாக்கக் கோரும் இயக்கம் தொடங்கியது. 2013இல் ரோஷ் நிறுவனம் இங்கே காப்புரிமையைக் கைவிட்டது. 2014இல் பெங்களூருவின் பயோகான் தயாரித்த ஒப்புமருந்து சந்தைக்கு வந்தது. ஆய்வகத்தில் பிறந்த மருந்து பெண்ணின் நரம்பில் ஏற, இடையில் ஒரு பெண்கள் இயக்கம் தேவைப்பட்டது. இதையும் மார்பகப் புற்றுநோய் ஆய்வின் வரலாறாகவே எழுத வேண்டும்.

ஈ.எஸ்.ஐ. திட்டத்தில் புற்றுநோய் போன்ற நெடுநோய்களுக்கு 80 விழுக்காடு ஊதியத்துடன் இரண்டு ஆண்டுவரை நோய்க்கால உதவி உண்டு. ஆனால் இரண்டு ஆண்டு தொடர் வேலை காட்ட வேண்டும். காண்ட்ராக்டர் மாறும்போதெல்லாம் இடைவெளி விழும் பெண்ணுக்கு அந்தத் தொடர்ச்சி எங்கிருந்து வரும்? பசுமைக்குடில் கூலிக்கு ஈ.எஸ்.ஐ. அட்டையே இல்லை.

ஆகவே ஆய்வாளர்களிடம் என் கோரிக்கை எளியது. ‘ஏன் தாமதமாக வந்தீர்கள்?’ என்று பெண்ணிடம் கேட்பதோடு, ஒருநாள் லீவு போட்டால் எவ்வளவு போகும், அருகிலுள்ள நிலையம் எத்தனை மணிக்கு மூடும், போய்வர யார் கூட வந்தார்கள், திரும்பி வந்தபோது வேலை இருந்ததா என்றும் கேளுங்கள். இந்தப் பதில்களையும் அட்டவணையில் போடுங்கள். சுகாதாரத் துறை, மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது ஆரம்ப சுகாதார நிலையத்தைப் பெண் செவிலியரோடு திறந்துவைக்கலாம். 2024இல் தொடங்கிய ‘தொழிலாளரைத் தேடி மருத்துவம்’ தொழிற்சாலைக்குள் போகிறது. அங்கே கூலி பிடிக்காத அரை மணி நேரத்தையும் கதவுள்ள ஓர் அறையையும் மார்புப் பரிசோதனைக்குக் கேட்கலாம். பெண்கள் சங்கங்கள் இதைக் கோரிக்கைப் பட்டியலில், கழிப்பறைக்கும் போக்குவரத்துக்கும் பக்கத்தில், சேர்க்கலாம். இவையெல்லாம் நடந்த பிறகும் பெண்கள் வரவில்லையென்றால், அப்போது கூச்சத்தைப் பற்றிப் பேசுவோம்.